ஒரு மடக்குத் தண்ணீர்

“கேட்டா வேலை போயிரும். கேக்கலன்னா ஒண்ணும் ஆகப்போறதில்ல. இதுல இவ்வளவு நேரம் யோசிக்க என்ன இருக்கு மேடம்?”

“வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுதான் இப்படி உக்காந்திருக்கியளா? நான் தெரியாமன்னுல்லா நெனச்சேன்.”

“கேட்கப் போகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லையே.”

“இந்தா, மறுபடியும் செய்தி வாசிக்க ஆரம்பிச்சிட்டிய. ‘சொல்லவில்லையே’ன்னு தூத்துக்குடியில எவன் பேசுதான்? ரேடியோகூட இப்போ கொஞ்சம் கொச்சையாத்தான் பேசுது.”

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சத்தம் தனக்கே யாருடையதோபோலக் கேட்டதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதிரே மேசைமேல் விரித்த மெல்லிய துணியில் அவளுடைய காதுக்கருவி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜெபசிங் ஒரு சின்னத் தூரிகையால் அதன் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கருவிகளைப் பராமரிக்கும் வெளி நிறுவனத்து ஆள் அவன்; அவளுடைய முடிவுகளுக்குக் கீழே வராதவன். அதனால்தான் அவன் முகத்தை அவள் பார்க்கலாம். மாதம் ஒருமுறை வந்து கருவியைக் கழற்றித் துடைத்து முடிக்கும்வரை அவளுடைய காது வெறும் காதாக இருக்கும். ஏசி முனகுவது கேட்கும். கீழே துறைமுகச் சாலையில் லாரிகள் போவது கேட்கும். ஜெபசிங்கின் குரல் கேட்கும். கொஞ்சம் கரகரத்த, வாக்கியத்தின் கடைசியில் மேலேறிப் போகும் குரல்.

அதற்காகவே அவள் அடிக்கடி புகார் எழுதுவாள்.

“போன தடவ ‘கர்’ருனு இரையுதுன்னு எழுதினிய. அதுக்கு முந்தி ‘கீச்’சுனு கத்துதுன்னு. நானும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கேன், கர்ரும் இல்ல கீச்சும் இல்ல” என்று சொல்லி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். “எனக்கென்ன, உங்க கேண்டீன் வடை நல்லாருக்கு. தெனமும் வரச் சொன்னாலும் வருவேன்.”

இன்று அவன் துடைப்பதற்காக வரவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் துடைத்துக்கொண்டிருந்தான். ஓர் ஒலிப்பதிவை அழிப்பதற்காக வந்திருந்தான். அழிப்பதற்கு முன் அவள் விரும்பினால் அதை ஒருமுறை கேட்கலாம்.

கடலுக்குள் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கும் நிறுவனம் அது. கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இரும்புக் கால்களின் மேல் ஒரு மேடை நிற்கும். பழுது பார்க்கும் குழு அங்கேயே தங்கி வேலை செய்யும். அந்த மேடைக்கு யாரை அனுப்புவது, யாருக்குப் பதவி உயர்வு, எப்போது படகை அனுப்பிக் குழுவைக் கரைக்குக் கூட்டிவருவது எல்லாம் இசக்கியம்மாள் சொல்ல வேண்டியவை. அவள் பதவிக்கு முடிவாளர் என்று பெயர். முடிவாளர் யாருக்காக முடிவெடுக்கிறாரோ அவர்களைப் பார்க்கக் கூடாது. அவர்கள் குரலையும் கேட்கக் கூடாது. சமக்குரல் என்ற அமைப்பு இடையில் உட்கார்ந்திருந்தது. பேசுகிறவர் பெயரை, ஊரை, வயதை, ஆணா பெண்ணா என்பதை, வட்டார வழக்கை, இருமலை, சிரிப்பை எல்லாம் வடித்துவிட்டு, மிஞ்சியதை ஒரே குரலில் எழுத்துத் தமிழில் அவள் காதில் சொல்லும். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கும்போது எங்கிருந்தோ வருகிற ரயில் அறிவிப்புபோல ஒரு குரல். அவள் சொல்லும் பதிலும் அதே குரலில்தான் மறுமுனைக்குப் போகும்.

தெருவிலும் கருவியைக் கழற்றக் கூடாது. ஊழியர் யாராவது எதிர்ப்பட்டு ஏதாவது சொல்லிவிட்டால்? ஆகவே கீரை விற்கிறவளும் பேருந்து நடத்துநரும் மாடிவீட்டுக் குழந்தையும் அவளிடம் ஒரே குரலில் பேசினார்கள். உலகத்தில் தன்னைத் தவிர இன்னும் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார், அவரே உடைமாற்றி உடைமாற்றி வருகிறார் என்று அவளுக்குச் சில சாயங்காலங்களில் தோன்றும். இறந்துபோன அம்மா ஒருநாள் கனவில் வந்தாள். அடுப்பைப் பார்த்துக் குனிந்தபடியே, “நீ உணவு அருந்திவிட்டாயா?” என்று அந்தக் குரலில் கேட்டாள். விழித்துக்கொண்ட இசக்கியம்மாள், அம்மாவின் உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

“விசாரணைதான் முடிஞ்சிட்டே. உங்க பேர்ல சாய்வு இல்ல, விதிப்படி சரியான முடிவுன்னு எழுதிட்டாங்க. பாராட்டுக்கூட வந்துச்சாம்லா?”

“வந்தது.”

“அப்புறம் என்ன? அவரு விதி.”

அவர் என்றது மேடைப் பொறுப்பாளரை. காற்று வலுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் தம் அறிக்கையைச் சொன்னார். காற்றின் வேகம் வரம்புக்குள் உள்ளது, அலை உயரம் வரம்புக்குள் உள்ளது, குழுவினர் நலம் என்று சமக்குரல் அவளிடம் சொன்னது. பிறகு ஒரு மௌனம். வெட்டிய பேச்சின் நீளத்துக்கு அமைப்பு மௌனத்தை விட்டு வைக்கும், அது வழக்கம்தான். பிறகு, ‘ஆணைக்குக் காத்திருக்கிறேன்’ என்றது. வரம்பைத் தாண்டாதபோது படகை அழைக்க விதியில் இடம் உண்டு, ஆனால் காரணம் வேண்டும். அவளுக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ‘பணியைத் தொடரலாம்’ என்றாள். விடிவதற்குள் கடல் வரம்பையெல்லாம் தாண்டி எழுந்தது. ஏணியோடு அவரை வாரிக்கொண்டு போனது. மற்ற மூன்று பேர் பிழைத்தார்கள். அவரைக் கடல் திருப்பித் தரவே இல்லை.

“அந்த மௌனம் கொஞ்சம் நீளமாக இருந்தது, ஜெபசிங்.”

“இருக்கும்.”

“அதில் என்ன இருந்தது?”

“எனக்கு எப்படித் தெரியும்? அசலக் கேக்க எங்களுக்கு அனுமதி கெடையாது. உங்களுக்கு மட்டுந்தான், அதுவும் ஒரே ஒரு தடவ. கேட்டுட்டா உங்க காது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அப்புறம் முடிவாளரா இருக்க முடியாது. எனக்கு அது என்ன வகைன்னு மட்டும் காட்டும்.”

“என்ன வகை?”

அவன் துடைப்பதை ஒரு கணம் நிறுத்தினான்.

“சிபாரிசு.”

“அந்தக் காற்றுக்கு நடுவிலா?”

“சமக்குரலுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான் மேடம். ஆரம்பத்துல பழைய போன் பேச்சா அள்ளிப்போட்டுப் பழக்குனாங்க. ‘அண்ணாச்சி, நம்ம பயதான், பாத்துச் செய்யுங்க.’ ‘மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்.’ ஒறவு சொல்லிக் கூப்பிட்டுக் கெஞ்சி ஒண்ணக் கேட்டா அது சிபாரிசு. வெட்டு. நியாயந்தான? ஆனா நம்ம ஊர்ல பஸ்ஸ நிப்பாட்டணும்னாக்கூட ‘அண்ணே’ன்னுதான கத்துதோம்? குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட ‘அக்கா, கொஞ்சம்’னுதான கேக்கோம்?”

இசக்கியம்மாள் துணியில் கிடந்த கருவியின் ஒரு பாதியை விரலால் நகர்த்தினாள்.

“வேலைக்குச் சேரும்போதே பயிற்சி உண்டு. ஒறவு சொல்லாத, கெஞ்சாத, விஷயத்த மட்டும் சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க. எல்லாரும் பழகிக்கிடுவாங்க. ஆனா ஒரு சமயம்னு வந்தா எவனுக்குப் பயிற்சி ஞாபகம் இருக்கும்?” என்றவன், சொல்லலாமா என்று தயங்குவதுபோல ஜன்னல் பக்கம் பார்த்தான். “கீழ ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. அவரு வீட்டம்மா. மொதல்ல உங்ககிட்ட மனு போட்டுச்சாம்.”

மனு அவளுக்கு வந்திருந்தது. ‘மனுதாரர் அசல் ஒலிப்பதிவை முடிவாளர் கேட்குமாறு வேண்டுகிறார்.’ ஒரு வரி. அதை அமைப்பு சொன்ன தொனியில் மனுதாரர் நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, அழுதாரா என்று எதுவும் இல்லை. ரயில் ஐந்தாவது நடைமேடைக்கு வருகிறது என்பதுபோலச் சொன்னது.

“எவ்வளவு பேசினாலும் மேல ஒரு வரியாத்தான் போகும்னு யாரோ சொல்லிட்டாங்க போல. இப்போ பேசுறதே இல்ல. தெனமும் வருது, உக்காருது, போகுது.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கடல் சாம்பல் நிறத்தில் தட்டையாகக் கிடந்தது. கண்ணாடி தடிமனானது, அலைச் சத்தத்தை உள்ளே விடாது. இந்தக் கடலுக்கும் யாரோ சமக்குரல் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கேட்டிய, போனிய, உங்க பாடு. ஆனா விஷயம் வெளிய வந்தா இந்தச் சமக்குரலயே எடுத்துப்போடணும்னு ஒரு கூட்டம் கெளம்பும். ஏற்கெனவே காத்துக்கிட்டுத்தான் இருக்கான். ‘ஆளத் தெரிஞ்சு முடிவெடுக்கணும்’பான். ஆளத் தெரிஞ்சுன்னா என்ன? பழையபடி மாமன் மச்சான் ராஜ்ஜியந்தான்.”

அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படித்து முடித்த புதிதில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயரைக் கேட்டார். இசக்கியம்மாள் என்றதும் அவர் வாய்க்குள் ஒரு புன்னகை ஓடியது. எந்த ஊரும்மா என்றார். சொன்னாள். அட, அந்த ஊரா என்று மலர்ந்தவர், ஊர்ல எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னாள். அவர் முகம் அணையவில்லை. அதுதான் அவளால் மறக்க முடியாதது. அவர் இன்னும் அன்பாகச் சிரித்தார். நல்லாப் படிச்சிருக்கம்மா, சொல்லி அனுப்புதோம் என்றார். குரலில் தேன் சொட்டியது. வெளியே வந்து பேருந்து நிலையம்வரை வெயிலில் நடந்தாள்.

இங்கே சமக்குரல் வழியாகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குரல் அவளை எந்தப் பக்கம் என்று கேட்டதே இல்லை. பிறகு அவளும் எத்தனையோ பேரை மேலே ஏற்றினாள், யார் என்று தெரியாமலேயே. ஒவ்வோர் ஆண்டும் வரும் அறிக்கையில், இதுவரை இந்த அலுவலகத்தின் படியேறாத தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருப்பதைப் படிப்பாள். அன்றைக்கு மட்டும் சோற்றுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் கொண்டாட்டம் அவ்வளவுதான். கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. சொந்தக்காரர் யாராவது ‘நம்ம பையன் ஒருத்தன்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயத்தில் போகாமல் இருந்து, பிறகு அழைப்பதையே அவர்கள் விட்டுவிட்டார்கள்.

இதில் ஏதோ ஒன்று சரி. ஏதோ ஒன்று அடியோடு தப்பு. இரண்டும் ஒரே குரலில் பேசியதால் எது எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “ஜெபசிங், உங்களுக்கு எந்த ஊர்?”

பின்னால் தூரிகைச் சத்தம் நின்றது. இந்தக் கட்டடத்துக்குள் கேட்கக் கூடாத கேள்வி அது. சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

“என்ன மேடம் திடீர்னு?” என்று சிரித்தான். “சாயர்புரம். எங்கய்யா அங்க பள்ளிக்கூடத்துல மணியடிச்சாரு. பத்து நிமிசம் முந்தி அடிச்சு விட்டுட்டாருன்னு ஒருநா பெரிய ரகளை.” ஊர் என்று சொன்னதுமே அவன் குரல் கட்டில்போட்டு உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. “உங்களுக்கு?”

ஊரின் பெயரைச் சொன்னாள்.

“அட, நம்ம பக்கந்தான்! அங்க எனக்குச் சேக்காளி ஒருத்தன் இருக்கானே, கோயிலுக்குப் பின்னால.”

“நாங்க கோயில் பக்கம் இல்ல” என்றாள். திரும்பி நின்று அவன் முகத்தைப் பார்த்தபடி தெருவின் பெயரையும் சொன்னாள்.

ஜெபசிங்கின் முகத்தில் ஏதோ ஒன்று ஒரு கணம் நின்று நகர்ந்தது. கண்ணை ஒருமுறை இமைத்தான். “அப்படியா? சரி, சரி” என்றான். நல்லவன்தான். குரலில் மரியாதை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. அந்தக் கூடுதல் அவளுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். வெறும் காதோடு இருந்தால் இதுதான், வாழ்நாள் முழுக்க இப்படி எடைபோட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கருவிக்குள் இது எதுவும் இல்லை.

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“தப்பா எடுத்துக்கிடாதிய மேடம்” என்றான், என்ன தப்பு என்று சொல்லாமல்.

“இல்ல தம்பி.”

அந்தச் சொல் அவளிடமிருந்து வந்ததும் இரண்டு பேருமே கொஞ்சம் திடுக்கிட்டார்கள்.

“எங்கம்மா ஒண்ணு செய்வா. போன்ல நான் நல்லாருக்கேன்னு சொன்னா, ‘ஏட்டி, என்ன ஆச்சு’ம்பா. நான் சொன்ன வார்த்தைய அவ கேக்கவே மாட்டா. மேடையில அவரும் நல்லாருக்கோம்னுதான் சொன்னாரு. சொன்னாரா, இல்ல அது சொல்லிச்சான்னு எனக்குத் தெரியணும்.”

“இப்போ மட்டும் செய்தி வாசிக்கல பாத்தியளா” என்றான் ஜெபசிங். சிரிப்பதற்காகச் சொன்னது, ஆனால் சிரிக்கவில்லை. “தெரிஞ்சு என்ன செய்வீய? அவருதான் இல்லையே.”

இவ்வளவு நாளும் காரணம் சொல்ல முடியாத எதையும் அவள் செய்ததில்லை. முடிவாளர் ஒருவர் எடுக்கக் கூடாத முடிவு இது என்று மட்டும் தெரிந்தது.

“குடுங்க.”

அவன் பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் விரலை அதன்மேல் பதித்து ஒப்புதல் கொடுத்தபோது ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் கணத்திலிருந்து அவள் முடிவாளர் இல்லை. எங்கோ ஒரு திரையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்திருக்கும். வேறொன்றும் ஆகவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“நான் வெளிய நிக்கேன். என் காதுல விழுந்துட்டா என் பொழைப்பும் போயிரும், அப்புறம் வடையும் கெடையாது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். போவதற்கு முன், கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் பெட்டியை அழுத்தினாள்.

முதலில் காற்று. இவ்வளவு இரைச்சலான காற்றை அவள் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! ஏதோ ஓர் இரும்பு இன்னோர் இரும்பில் விடாமல் மோதிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ யாரையோ, கயித்த விடாதல, விடாதல என்று கத்தினார்கள். அதற்கு நடுவில் ஒரு குரல். ஆண். இளைஞன். இவ்வளவு இளையவனாக இருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. ஏனென்றால் யாரையும் அவள் எந்த வயதிலும் நினைத்ததில்லை.

“காத்து... காத்து லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. அலையும் லிமிட்டுதான். ஆளுங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்.”

பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது கேட்டது. நல்லாத்தான் என்ற சொல் நடுவில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது.

இனி வருவது மௌனம். அவளுக்குத் தெரிந்த இடம். வலது கை தானாக நீண்டு டம்ளரைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த மாலையிலும் இதே இடத்தில், இதே நாற்காலியில், மௌனம் சற்று நீளமாக இருக்கிறதே என்று அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். வெட்டு விழும் இடங்களில் குடிப்பது அவள் வழக்கம். தொண்டை வறளாமல் இருக்கும், நேரமும் வீணாகாது.

கையை எடுக்கவும் தோன்றாமல், குடிக்கவும் தோன்றாமல், டம்ளரைப் பிடித்தபடி இருந்தாள்.

“அண்ணாச்சி...” என்றது குரல். மூச்சு வாங்கியது. “அண்ணாச்சியா அக்காவான்னுகூட எனக்குத் தெரியல. கோவிச்சுக்கிடாதிய, அக்கான்னே வச்சிக்கிடுதேன். எம்பேரு இன்னாசி. சொல்லக்கூடாதுன்னு தெரியும். நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு, நான் பொய் சொல்லல. ஆனா எனக்குப் பயமா இருக்குக்கா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. இவனுவ முன்னால காட்டிக்கிட முடியாது, அதான் ஓரமா வந்து நின்னு பேசுதேன். பயந்தாங்கொள்ளின்னு எழுதிக்கிட்டாலும் சரிதான். படக அனுப்பிருங்கக்கா. முடியாதுன்னா, முடியாதுங்கதையாவது அந்த மெஷினு சொல்லாம நீங்க சொல்லுங்க. பயப்படாத இன்னாசின்னு ஒரே ஒரு வார்த்த, உங்க சொந்தக் கொரல்ல சொல்லுங்கக்கா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”